மாடியிலும் சன்னலிலும் பறவைகள்: வாசகர் கேள்வி பதில்

பறவை நோக்கலைக் கற்பது பற்றியும், நகரத்து வீடுகளுக்குப் பறவைகளை வரவழைப்பது பற்றியும் வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். ஒரே பொருளில் வந்த கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: பறவை பார்க்கக் கற்றுக்கொள்ள ஆசை. ஆனால் நான் இருப்பது கட்டடங்கள் நெருங்கிய பகுதி. காக்கையும் புறாவும்தான் கண்ணில் படுகின்றன. எங்கிருந்து தொடங்குவது?

காக்கையிலிருந்தும் புறாவிலிருந்தும்தான் தொடங்க வேண்டும். பெயர் தெரியாத ஒரு பறவையைப் பார்த்ததும் "மைனா அளவு இருந்தது, வால் மட்டும் நீளம்" என்று சொல்ல வரவேண்டும். மைனா எவ்வளவு பெரியது என்பது மனத்தில் பதிந்திருந்தால்தான் அப்படிச் சொல்ல வரும். சிட்டுக்குருவி, மைனா, புறா, காக்கை, பருந்து ஆகிய ஐந்தையும் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். புதிய பறவைகளில் பெரும்பாலானவற்றை இவற்றில் ஏதோ இரண்டுக்கு நடுவில் பொருத்திவிடலாம்.

சூரியன் உதித்த முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தினமும் ஒரே இடத்தில் 15 நிமிடம் உட்காருங்கள். மாடியோ சன்னலோ, எதுவானாலும் சரி. இடத்தை மாற்றாதீர்கள். இடம் பழகினால்தான் வழக்கத்துக்கு மாறாக ஒன்று அசையும்போது கண் அங்கே போகும்.

ஒரு பறவையைப் பார்க்கையில் இந்த வரிசையில் கவனியுங்கள்: அளவு, உருவம், அலகு, வால், உட்கார்ந்திருக்கும் இடம், செய்யும் வேலை. நிறம் கடைசியில் வரட்டும். புதியவர்கள் நிறத்தைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள், பெரும்பாலும் ஏமாறுவதும் அதில்தான். வெளிச்சம் பறவையின் பின்னால் இருந்தால் எல்லாமே கறுப்பாகத் தெரியும். பல பறவைகளில் ஆணுக்கு ஒரு நிறம், பெண்ணுக்கு ஒரு நிறம், குஞ்சுக்கு வேறொரு நிறம். அலகும் நடத்தையும் அவ்வளவு எளிதில் ஏமாற்றுவதில்லை. குட்டையான கூம்பு அலகு தானியம் உடைப்பதற்கு, மெல்லிய வளைந்த அலகு பூவுக்குள் நுழைவதற்கு, கொக்கி போன்ற அலகு இறைச்சி கிழிப்பதற்கு. தரையில் மைனா கால் மாற்றி நடக்கும், சிட்டுக்குருவி இரண்டு காலாலும் தத்தும். கம்பியிலிருந்து பாய்ந்து பூச்சியைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் அதே கம்பிக்கு வருவது கரிச்சானின் பழக்கம்.

கையில் நோட்டு இருக்கட்டும். தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், என்ன பறவை, எத்தனை, என்ன செய்தது, இவ்வளவு போதும். தெரியாத பறவை என்றால் கையேட்டைப் புரட்டும் முன்பே பார்த்ததை எழுதி, கோணல்மாணலாகவாவது ஒரு படம் வரைந்துவிடுங்கள். படத்தைப் பார்த்த பிறகு எழுதினால், காணாத கண்பட்டையையும் கண்டதாக நினைவு சொல்லும்.

வெயில் ஏறிய பிறகு சிறு பறவைகள் அடங்கிவிடும். அப்போது அண்ணாந்து பாருங்கள். தரை சூடாகிக் காற்று மேலெழும்பும் அந்த நேரத்தில்தான் பருந்துகளும் கழுகுகளும் இறக்கையை அசைக்காமல் வட்டமடித்து உயரும்.

கேள்வி: பைனாகுலர் வாங்கப் போகிறேன். 10×50 நல்லதா, 8×42 நல்லதா? மூக்குக்கண்ணாடி அணிபவள் நான்.

8×42 வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது எண் முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 10 மடங்கு காட்டும் கருவி கை நடுக்கத்தையும் 10 மடங்காகக் காட்டும். காட்சிப் பரப்பும் சுருங்கும். 1000 மீட்டர் தொலைவில் 8 மடங்கு பைனாகுலர் ஏறத்தாழ 130 மீட்டர் அகலத்தைக் காட்டினால், 10 மடங்குக் கருவி 110 மீட்டர் அளவுக்கே காட்டும். இலைகளுக்குள் தாவும் சிறு பறவையைத் தேடும்போது அந்த 20 மீட்டரின் அருமை தெரியும்.

வெளிச்சத்தையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 8×42 என்றால் 5.25 மி.மீ. சட்டைப்பையில் அடங்கும் 10×25 என்றால் 2.5 மி.மீ. மட்டுமே, விடியற்காலையில் இருட்டாகத் தெரியும். 10×50 வெளிச்சத்தில் குறையில்லாதது, ஆனால் கனம். ஒரு மணி நேரத்தில் கழுத்து வலித்தால் மறுநாள் அது அலமாரியிலேயே இருந்துவிடும். உருப்பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் ஜூம் வகையை வாங்கவே வேண்டாம். காட்சி குறுகும், மங்கும்.

மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் இன்னொரு அளவையும் பார்க்க வேண்டும். கண்ணுக்கும் கருவியின் கண் லென்ஸுக்கும் இடையே எவ்வளவு தூரம் வரை இருந்தால் முழுக் காட்சியும் தெரியும் என்பதைக் கருவியின் விவரத்தில் போட்டிருப்பார்கள். அது 16 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். ரப்பர் கண்குவளையை முழுதும் கீழே இறக்கிவிட்டுப் பாருங்கள். கண்ணாடி அணியாதவர்கள் அதை மேலே ஏற்றிக்கொள்ள வேண்டும். கடையிலேயே 2, 3 மீட்டர் தொலைவில் உள்ள எழுத்து தெளிவாகிறதா என்றும் சோதியுங்கள். பால்கனிச் செடிக்கு வரும் தேன்சிட்டைப் பார்க்க அது வேண்டும்.

வாங்கியதும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, பலர் அதைச் செய்வதே இல்லை. நமது இரு கண்களின் பார்வையும் ஒன்றுபோல் இருக்காது. வலது கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி, இடது கண்ணால் தொலைவில் உள்ள ஒரு பெயர்ப்பலகையைத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது கண் பக்கம் உள்ள சிறு வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். (சில கருவிகளில் இந்த வளையம் வேறிடத்தில் இருக்கும்.) வளையம் நின்ற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இனி நடுச்சக்கரம் மட்டும் போதும். அரைமணி பார்த்தாலே தலை வலிக்கிறது என்பவர்கள் முதலில் இதைத்தான் சரிபார்க்க வேண்டும்.

லென்ஸைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள், தூசி கீறிவிடும். முதலில் ஊதுகுமிழால் ஊதி, மென்தூரிகையால் தட்டி, கடைசியில் மைக்ரோஃபைபர் துணி. ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும், ஆகவே காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள்.

கேள்வி: பைனாகுலரைக் கண்ணில் வைத்ததும் பறவை காணாமல் போகிறது. தேடுவதற்குள் பறந்துவிடுகிறது.

குனிந்து பைனாகுலரைப் பார்த்துவிட்டு நிமிர்வதால் வரும் சிக்கல் இது. பறவை மீது வைத்த கண்ணை எடுக்காதீர்கள். தலையும் அசையக்கூடாது. கருவி மட்டும் கண்ணுக்கு ஏறி வரட்டும். அசையாத ஒரு மின்விளக்கை வைத்து நாளுக்கு 20 முறை பழகினால் ஒரு வாரத்தில் கை வந்துவிடும். எந்தக் காரணம் கொண்டும் சூரியன் இருக்கும் திசைக்குத் திருப்பாதீர்கள். நொடிப்பொழுதில் விழித்திரை கருகும்.

கேள்வி: வெள்ளைக் கொக்கு எல்லாம் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிகிறது. எப்படிப் பிரிப்பது?

உடம்பு முழுக்க வெள்ளை என்பதால் அலகையும் காலையும்தான் பார்க்க வேண்டும். கறுப்பு அலகு, கறுப்புக் கால், ஆனால் விரல்கள் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. தண்ணீரிலிருந்து காலைத் தூக்கும் வரை காத்திருங்கள், அந்த மஞ்சள் தெரிந்துவிடும். குட்டையான மஞ்சள் அலகு, தடித்த கழுத்து, மாடுகளின் பின்னாலோ புல்தரையிலோ நடை என்றால் உண்ணிக்கொக்கு. இனப்பெருக்க காலத்தில் அதன் தலையும் கழுத்தும் முதுகும் ஆரஞ்சு கலந்த பழுப்பாகும்.

பெரிய கொக்கையும் நடுத்தரக் கொக்கையும் பிரிப்பதுதான் கடினம். வாயின் கோடு எங்கே முடிகிறது என்று பாருங்கள். கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரியது, கண்ணுக்கு நேர் கீழே நின்றுவிட்டால் நடுத்தரம். அலகின் நிறத்தை இங்கே நம்ப வேண்டாம், மஞ்சளாக இருப்பது இனப்பெருக்க காலத்தில் கறுத்துப்போகும்.

பழுப்பாக உட்கார்ந்திருந்த ஒன்று எழும்பியதும் வெள்ளையாகிவிட்டதா? அது மடையான். மடித்த இறக்கைக்குள் வெள்ளையை மறைத்து வைத்திருக்கும்.

கேள்வி: மெர்லின் செயலி, குரலைக் கேட்டே பறவையின் பெயரைச் சொல்கிறது. அந்தப் பட்டியலை, பார்த்த பறவைகளைப் பதியும் இ-பேர்டு தளத்தில் அப்படியே ஏற்றலாமா?

ஏற்றாதீர்கள். அது தருவது ஊகம். போக்குவரத்து இரைச்சலிலும் எதிரொலியிலும் அது தடுமாறும். கரிச்சான் வகைகள் வேறு பறவைகளின் குரலை அப்படியே எழுப்பக்கூடியவை, செயலியும் அதை நம்பிவிடும். "இந்தப் பக்கம் இன்ன பறவை கூவுகிறதாம், தேடிப் பார்" என்ற துப்பாக மட்டும் அதை எடுத்துக்கொண்டு, கண்ணால் கண்டோ காதால் நீங்களே உறுதிசெய்தோ பதியுங்கள்.

2002இல் தொடங்கிய இ-பேர்டு உலகெங்கும் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் தரவுத்தளம். அங்கே அரிய பறவைக்கு இருக்கும் மதிப்பு முழுமையான பட்டியலுக்கும் உண்டு. 15 நிமிடத்தில் நீங்கள் இனம் கண்ட எல்லாவற்றையும், காக்கை உட்பட, எண்ணிக்கையோடு எழுதினால்தான் எது அங்கே இல்லை என்பதும் தெரியவரும். சிட்டுக்குருவி ஒரு பகுதியிலிருந்து மறைந்தது என்று பின்னால் ஒருவர் நிறுவ வேண்டுமானால், காக்கையையும் புறாவையும் சலிக்காமல் எண்ணியவர்களின் பட்டியல்களே சான்று. அடையாளம் தெரியாத பறவையை ஏதோ ஒரு பெயரில் அடைக்க வேண்டாம். இனம் தெரியாதது என்று பதியவும் அங்கே வழி உண்டு.

கேள்வி: மாடியில் தண்ணீர் வைத்து ஒரு மாதமாகிறது. ஒரு பறவையும் வரவில்லை. கொசு வந்ததுதான் மிச்சம்.

பாத்திரம் ஆழமாக இருந்திருக்கும், அல்லது பளபளப்பாக, அல்லது வெட்டவெளியில். மூன்றுமே பறவையை விரட்டும்.

நடுவில் 5 செ.மீ.க்கு மேல் ஆழம் கூடாது. ஓரத்தில் 2 செ.மீ. போதும். சிறு பறவைக்குக் கால் ஊன்ற வேண்டும், ஊன்ற முடியாத நீரில் அது இறங்காது. வழுவழுப்பான எஃகும் பிளாஸ்டிக்கும் வழுக்கும், வெயிலில் எஃகு சுடவும் செய்யும். அகன்ற மண்தட்டுதான் சிறந்தது. ஆழமான பாத்திரம்தான் இருக்கிறது என்றால் நடுவில் ஒரு சொரசொரப்பான கல்லை வையுங்கள், அதன் தலை நீருக்கு வெளியே தெரியட்டும். விழுந்த அணிலும் தேனீயும் அதைப் பிடித்து ஏறித் தப்பும்.

இடம்தான் முக்கியம். நனைந்த பறவையால் வேகமாகப் பறக்க முடியாது, அது அதற்குத் தெரியும். ஆகவே 2, 3 மீட்டரில் ஒரு செடியோ கொடியோ இருக்க வேண்டும், குளித்ததும் அங்கே போய் இறகு கோதும். செடியை ஒட்டியே தட்டை வைத்தால் பூனை பதுங்க வசதியாகிவிடும். பகலில் நிழல் விழும் இடமாகவும் பாருங்கள்.

கொசுவுக்கு மருந்து எதுவும் ஊற்ற வேண்டாம். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். தினமும் காலையில் பழைய நீரைக் கொட்டிப் புது நீர் நிரப்பினால் கொசுவுக்கு வழியே இல்லை. ஊருக்குப் போவதானால் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போங்கள். வாரம் ஒருமுறை தேங்காய் நாரோ தூரிகையோ கொண்டு பாசி போகத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவிடுங்கள். சோப்பு வேண்டாம். சோப்பு நுரை எஞ்சினால் இறகின் எண்ணெய்ப் பூச்சு கெட்டு நீர் ஒட்டும்.

பறவைகள் ஒரு புதிய நீர்நிலையைக் கண்டுபிடித்து நம்புவதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். சொட்டுச் சொட்டாக நீர் விழும்படி மேலே ஒரு பாட்டிலைத் தொங்கவிட்டுப் பாருங்கள், அசையும் நீரின் ஒலியும் மினுமினுப்பும் தொலைவிலிருந்தே இழுக்கும்.

கேள்வி: சிட்டுக்குருவிக்குக் கூடுபெட்டி மாட்டி இரண்டு ஆண்டு ஆயிற்று. காலியாகவே இருக்கிறது.

முதலில் ஒன்றைப் பாருங்கள்: உங்கள் தெருவிலோ அடுத்தடுத்த தெருக்களிலோ சிட்டுக்குருவி இருக்கிறதா? பிறந்த இடத்தை விட்டு அதிகத் தொலைவு போகாத பறவை இது. கிட்டத்தில் கூட்டமே இல்லையென்றால் எவ்வளவு நல்ல பெட்டியும் காலியாகத்தான் தொங்கும்.

குருவி இருந்தும் வரவில்லை என்றால் பெட்டியை அளந்து பாருங்கள். நுழைவுத் துளை 32 மி.மீ. இருக்க வேண்டும். 45 மி.மீ. இருந்தால் மைனா புகுந்துவிடும். துளையின் கீழ்விளிம்பிலிருந்து பெட்டியின் தரை குறைந்தது 12 செ.மீ. கீழே இருக்கட்டும். குறைந்தால் காக்கையும் பூனையும் எட்டிக் குஞ்சை இழுக்கும். உள்தரை 13×13 செ.மீ., பலகை கனம் 15 மி.மீ.க்குக் குறையாமல். மெல்லிய ஒட்டுப்பலகையிலும் தகரத்திலும் செய்தவை வெயிலில் அடுப்பாகும். தரையில் 6 மி.மீ. அளவில் நான்கைந்து வடிதுளைகள், கூரைக்குக் கீழே காற்றுப் போக ஒரு சிறு இடுக்கு. துளைக்குக் கீழே குச்சி செருகியிருந்தால் பிடுங்கிவிடுங்கள். குருவிக்கு அது தேவையில்லை, வேட்டையாட வரும் பறவைக்குத்தான் உதவும். உள்ளே வண்ணம் பூசக்கூடாது. வைக்கோலும் திணிக்க வேண்டாம், கட்டுவது அதன் வேலை.

சுவரில் அசையாமல் திருகிப் பொருத்துங்கள். கயிற்றில் ஆடும் பெட்டியைக் குருவி விரும்பாது. உயரம் 3 மீட்டராவது வேண்டும், நண்பகல் வெயிலும் மழைச்சாரலும் துளைக்கு நேரே அடிக்கக் கூடாது. சிட்டுக்குருவி கூட்டமாகக் கூடு கட்டும் பறவை, எனவே ஒன்றுக்குப் பதில் மூன்று பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டலாம். பெட்டியின் மேல் தானியம் தூவாதீர்கள். கூட்டம் கூடினால் உள்ளே அடைகாப்பது பயப்படும், எலியும் வரும். மின்விசிறி சுழலும் அறைக்குள் பெட்டி வைப்பது கொடுமை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வளர்ந்த குருவி தானியம் தின்னும், ஆனால் பொரிந்த முதல் நாட்களில் குஞ்சுக்கு வேண்டியது பூச்சியும் புழுவும். செடிகளுக்குப் பூச்சிக்கொல்லி அடித்துக்கொண்டே கூடுபெட்டியும் மாட்டினால், முட்டை பொரிக்கும், குஞ்சு தேறாது.

கேள்வி: தானியம் போட்டால் புறா மட்டும்தான் மொய்க்கிறது. சிறு பறவைகளுக்கு எப்படிப் போடுவது?

தரையில் போடுவதை நிறுத்துங்கள், அளவையும் குறையுங்கள். அரைமணி நேரத்தில் தீரும் அளவுதான் அளவு. 4 செ.மீ. கண்ணுள்ள கம்பிவலையால் மூடிய தட்டில் கம்போ தினையோ வைத்தால் சிட்டுக்குருவியும் சில்லையும் உள்ளே நுழையும், புறாவால் முடியாது. பிரெட், உப்பிட்ட தின்பண்டம், எண்ணெய்ப் பலகாரம் எதுவும் வேண்டாம். தட்டை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது கழுவிக் காயவையுங்கள். பல பறவைகள் ஒரே தட்டில் எச்சமிட்டுத் தின்பதால்தான் நோய் பரவுகிறது. கண் வீங்கி, இறகை உப்பவைத்து உட்கார்ந்திருக்கும் பறவையைக் கண்டால் சில வாரங்களுக்குத் தீனியை அடியோடு நிறுத்துங்கள்.

காய்ந்த புறா எச்சத்தைப் பெருக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலைப் பாதிக்கும். நீர் தெளித்து ஊறவிட்டு, முகக்கவசம் அணிந்து வழித்தெடுங்கள்.

உண்மையில், தானியத் தட்டைவிட ஒரு செடி அதிகம் செய்யும். குழல் வடிவப் பூக்கள் பூக்கும் செடியைத் தொட்டியில் வைத்தால் தேன்சிட்டு வரும், சிறு பழம் காய்ப்பது வைத்தால் சின்னான் வரும். அந்தந்த மண்ணுக்குரிய செடியாகப் பாருங்கள், அவற்றில்தான் அங்குள்ள புழுக்கள் வளரும். இலையில் ஓட்டை விழுந்தால் தையல்சிட்டுக்கு உணவு இருக்கிறது என்று பொருள்.

கேள்வி: ஒரு பறவை தினமும் வந்து எங்கள் சன்னல் கண்ணாடியைக் கொத்துகிறது. வேறு சில மோதி விழுகின்றன. என்ன செய்யலாம்?

இவை இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள். கொத்துவது தன் பிம்பத்தை எதிரி என்று நினைத்து. கூடு கட்டும் காலத்தில் எல்லை காக்கும் வேகம் அது. கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் தாள் ஒட்டியோ வலை கட்டியோ பிம்பம் தெரியாமல் செய்யுங்கள், உள்பக்கம் திரை போட்டால் பிம்பம் இன்னும் பளிச்சென்று தெரியும். வண்டிக் கண்ணாடிக்குத் துணிப்பை மாட்டுங்கள். சில வாரங்களில் தானே நின்றுவிடும்.

மோதுவதுதான் உயிர் குடிப்பது. கண்ணாடியில் தெரியும் வானத்தையும் மரத்தையும் உண்மை என்று நம்பிப் பறவை முழு வேகத்தில் வருகிறது. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 36 கோடியிலிருந்து 100 கோடி வரை பறவைகள் இப்படி இறப்பதாக 2014இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பருந்துப் படம் ஒன்றை ஒட்டினால் போதும் என்பது தவறு, பறவை அதைச் சுற்றிக்கொண்டு பக்கத்து இடைவெளியில் மோதும். கண்ணாடி முழுதும், வெளிப்பக்கத்தில், 5 செ.மீ.க்கு ஒன்றாகப் புள்ளிகளோ கோடுகளோ வேண்டும்.

விழுந்த பறவையை மெதுவாக எடுத்து, காற்றுத்துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, அமைதியான இடத்தில் விடுங்கள். தண்ணீர் புகட்டாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒரு மணி, இரண்டு மணி நேரம் கழித்து வெளியே கொண்டுபோய்த் திறந்தால் தேறியது பறந்துவிடும். தேறாவிட்டால் கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

கேள்வி: குஞ்சு ஒன்று தரையில் தத்திக்கொண்டிருந்தது. மனிதன் தொட்டால் தாய் சேர்க்காது என்கிறார்களே?

அது உண்மையில்லை. தொட்ட குஞ்சையும் தாய் சேர்த்துக்கொள்ளும். இறகு முளைக்காத குஞ்சு என்றால் கூட்டிலேயே திரும்ப வையுங்கள். இறகு மூடி, வால் மட்டும் குட்டையாக, தத்தித் தத்திப் போகிறதா? பறக்கப் பழகுகிறது, பெற்றோர் பக்கத்தில்தான் இருக்கும். பூனை எட்டாத ஒரு கிளையில் ஏற்றிவிட்டு விலகிப் போங்கள். நீங்கள் நிற்கும் வரை அவை இரை கொண்டு வரமாட்டா. பால் ஊற்றவே கூடாது, பறவைக்குச் செரிக்காது.

கேள்வி: பூந்தொட்டியில் சின்னான் கூடு கட்டி முட்டையிட்டிருக்கிறது. செடி வாடுகிறது. தண்ணீர் ஊற்றலாமா?

ஊற்றலாம். தினமும் ஒரே நேரத்தில், வெயில் ஏறும் முன், தாய் இரை தேடிப் போயிருக்கும்போது, தொட்டியின் விளிம்பை ஒட்டிக் குறுகிய வாயுள்ள பாத்திரத்தால் மண்ணில் மட்டும் ஊற்றுங்கள். ஒரு நிமிடத்துக்குள் வேலை முடியட்டும். இலையை விலக்கிப் படம் எடுக்காதீர்கள், அந்த இலைதான் காக்கையின் கண்ணிலிருந்து கூட்டை மறைக்கிறது. அடைகாக்க இரண்டு வாரம், குஞ்சு வெளியேற இன்னும் ஏறத்தாழ இரண்டு வாரம். அதுவரை தொட்டியை நகர்த்தவோ செடியைக் கத்தரிக்கவோ வேண்டாம். அந்தப் பக்கத்துக் கொடியில் துணி காயப்போடுவதையும் வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.